ஒரு மூடித் தேங்காய்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. கோலா சாவா எஸ்டேட்டில் பாட்டி வைத்த கருவாட்டுக் குழம்பை இப்போதிருக்கும் அம்பாங்கான் வீட்டு அடுப்பில் வரவழைத்தே தீருவேன் என்று மல்லுக்கு நிற்பேன். கருவாட்டை மாற்றினேன். மண்சட்டி வாங்கினேன். தேங்காய்ப்பாலைக் கூட்டிக்கொண்டே போனேன். அந்த ருசி மட்டும் கிட்டேயே வரவில்லை.

போன வாரம் பாட்டியின் கடைசி மகளான சின்னம்மா வந்திருந்தார். ஒரு வாய் சாப்பிட்டார்.

"நல்லா இருக்கு. ஆனா எங்கம்மா கொழம்பு இது இல்லலா."

"என்னதான் கொறையுது?" என்றேன். எரிச்சலை மறைக்க முடியவில்லை.

"கொறையல. கூடிப்போச்சு. வீட்டுல இருந்த அத்தன பேருக்கும் ஒரு மூடித் தேங்காதான். சட்டியில பத்தலன்னா தண்ணிய ஊத்தி இன்னொரு கொதி விடுவாங்க. நீ கட்டிப் பாலா ஊத்தி வச்சிருக்க."

எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தேன். குழம்பில் தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவிட்டு, கரண்டியில் எடுத்து ருசி பார்த்தேன். அதேதான். சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் நான் தேடியது அந்த வீட்டுப் பற்றாக்குறையை.

மகளுக்குப் பரிமாறினேன். அவள் ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தேங்காப்பால் ஊத்த மறந்துட்டீங்களாம்மா?"