எங்கள் வீட்டு மூன்று எட்டுகள்

பினாங்கில் காரோடு கார் முட்டினால், ஓடி வருகிறவர்கள் முதலில் பார்ப்பது ஆளை அல்ல, கார் இலக்கத்தை. ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை எழுதினால் நான் கதை விடுகிறேன் என்பீர்கள். என் இரண்டு கண்ணாலும் கண்டேன். டத்தோ கிராமாட் சாலையில் ஒரு வான் எங்கள் காரைப் பின்னால் வந்து இடித்தது. நான் கதவைத் திறந்து இறங்குவதற்குள், சட்டைப்பையில் பேனா வைத்திருந்த ஒரு பெரியவர் கிட்ட வந்தார். அடிபட்டதா என்று கேட்கப் போகிறார் என நினைத்தேன். அவர் குனிந்து இலக்கத் தகட்டைப் பார்த்து, உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, கடமை முடிந்தது என்று போய்விட்டார். பின்னால் இன்னும் நாலு பேர் அதையே செய்தார்கள். "நாலு நம்பர் லாட்டரி வாங்கப் போறாங்க. அடிபட்ட காருக்கு ராசி இருக்குதாம்" என்று என் கணவர் சிரித்தார். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்தார் பிள்ளை. அவருக்குச் சிரிப்பு வரும், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கலியாணம் கட்டி யாழ்ப்பாணத்திலிருந்து இந்தத் தீவுக்கு வந்து பத்து வருசத்துக்கு மேலாகிறது. மழைக்கும் உறைப்புக்கும் பழகிவிட்டேன், இலக்கங்களுக்குத்தான் இன்னும் பழகவில்லை. இங்கே சீனருக்கு நாலு என்றால் சாவு, எட்டு என்றால் செல்வம். அவர்களோடு பழகிப் பழகி நம்மவர்களுக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. எங்கள் வீட்டுத் தொலைபேசி இலக்கம் மூன்று எட்டுகளில் முடியும். தந்தபோது எனக்கு ராசியும் தெரியாது, ஒன்றும் தெரியாது. நினைவில் வைக்கச் சுகம் என்று மட்டும் சந்தோசப்பட்டேன். என் தம்பி குகனுக்காகத்தான் அந்தச் சந்தோசம்.

குகன் எங்கள் வீட்டில் கடைசி. மறதிக்காரன் என்றால் அப்படியொரு மறதிக்காரன். சைக்கிளில் கடைக்குப் போய், சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வருவான். கடைசியாக நான் யாழ்ப்பாணம் போனபோது இந்த இலக்கத்தை அவனைப் பாடமாக்க வைத்தேன். "கடைசியில மூண்டு எட்டு. இதையும் மறந்தியெண்டால் உன்னை ஒருத்தராலயும் திருத்தேலாது" என்றேன். அவன் அப்போது கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தான். டைனமோவில் வரும் மின்சாரத்தில்தான் வானொலி பாடும், சண்டையால் ஊரில் கரண்ட் இல்லை, பற்றரி தடை செய்யப்பட்ட பொருள். சுற்றிக்கொண்டே எட்டு, எட்டு, எட்டு என்று சொன்னான். அதற்குப் பிறகு ஒரு நாள் ஊரே எழுந்து வெளியேறியது. குகனைக் கொடிகாமத்தில் கண்டோம் என்று ஒருவர் சொன்னார், வன்னிக்குப் போய்விட்டான் என்று இன்னொருவர் சொன்னார். எனக்கு எழுத அவனிடம் விலாசம் இல்லை, அவனுக்கு எழுத என்னிடமும் விலாசம் இல்லை. இருந்தது அந்த இலக்கம் மட்டும்தான். வீட்டில் மணி அடிக்கும் ஒவ்வொரு தரமும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

ஓடிப்போய் எடுத்தால் யார்? "வாழ்த்துகள், உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது" என்று ஒரு பெண் குரல். பரிசை வாங்க முதலில் ஒரு சட்டித் தொகுதி வாங்க வேண்டுமாம். இல்லையென்றால் தண்ணீர் வடிகட்டி. இல்லையென்றால் இன்சூரன்ஸ். என்ன சனமப்பா! வாசற் கேட்டில் தினமும் ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரம் செருகியிருக்கும். மலிவு விற்பனை, மாபெரும் மலிவு விற்பனை, கடையை மூடுவதால் மலிவு விற்பனை. அந்தக் கடை நான் வந்த நாளிலிருந்து மூடிக்கொண்டே இருக்கிறது. ஊரில் பிள்ளைகள் கொப்பி இல்லாமல் பழைய கடதாசியின் மறுபக்கத்தில் கணக்குச் செய்கிறார்கள். இங்கே பளபளக்கும் தாளை யாரும் வாசிக்காமலே கால்வாயில் போடுகிறார்கள். எனக்கு மனம் கேட்காது. ஒரு பக்கம் வெறுமையாக இருப்பவற்றை எடுத்து அடுக்கி வைப்பேன். கணவர் என்னைக் கடதாசி யாவாரி என்பார்.

அந்த நாட்களில்தான் லிம் வந்தார். எங்கள் சாலையில் புதிதாகக் கைத்தொலைபேசிக் கடை திறக்கப் போகிறவர், முப்பது வயது இருக்கும், இடுப்பில் செங்கல் அளவில் ஒரு கைத்தொலைபேசி. மலாய், ஆங்கிலம், எங்கிருந்தோ பொறுக்கிய தமிழ் மூன்றையும் ஒரே வாயில் குழைத்துப் பேசினார். "ஆண்ட்டி, உங்க நம்பர் வெரி ஓங் லா! எனக்குக் குடுங்க. நான் உங்களுக்கு வேற நம்பர், புது ஹேண்ட்போன், எல்லாம் தர்றேன்." ஓங் என்றால் ராசி. தொலைபேசி இலாகாவில் ஒரு விண்ணப்பப் பாரம் நிரப்பினால் இலக்கம் அவர் கடைக்குப் போய்விடுமாம்.

குகனிடம் இருக்கும் ஒரே இலக்கத்தைக் கொடுப்பதா? ஆனால் வாசல் தேடி வந்த மனிதர், முகத்தில் அடித்தாற்போல் மாட்டேன் என்று சொல்வதா? எங்கள் ஊரில் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை. "பார்ப்பம்" என்போம். பெண் கேட்டு வந்தவருக்கும் பார்ப்பம், காணி கேட்டு வந்தவருக்கும் பார்ப்பம். கேட்டவரும் விளங்கிக்கொண்டு, தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்பிப் போய்விடுவார், பிறகு அந்தக் கதையை எடுக்கமாட்டார். நானும் அதையே மலாயில் சொன்னேன். "தெங்கோக் டூலு." முதலில் பார்ப்போம். லிம் முகமெல்லாம் மலர்ந்து போனார்.

அடுத்த வாரம் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். ஒவ்வொரு தரமும் கைத்தொலைபேசியோடு இன்னுமொரு சாமான் சேர்ந்தது. நான் ஒவ்வொரு தரமும் பார்ப்பம் என்றேன்.

"இங்க பார்ப்போம்னா இன்னும் கொஞ்சம் கூட்டிக் குடுன்னு அர்த்தம். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிரு லா" என்றார் கணவர்.

"அதென்னெண்டு அப்பிடிச் சொல்லுறது? அந்தாள் என்ன நினைக்கும்?"

"அவன் வியாபாரி. ஒண்ணும் நினைக்க மாட்டான்."

சீனப் பெருநாள் வந்தது. லிம் தோடம்பழமும் சிவப்பு மூடி போட்ட ஒரு டப்பா நிறைய அன்னாசி பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார். பெருநாள் பலகாரம், மறுக்க முடியுமா? பிஸ்கட் முடிந்ததும் டப்பாவைக் கழுவினேன். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை, ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். நான் பயற்றம் பணியாரம் சுட்டு, மூடி முட்ட நிரப்பிக் கொடுத்தேன். லிம் டப்பாவை இரண்டு கையாலும் வாங்கினார். குனிந்து குனிந்து நன்றி சொன்னார். ஒரு பணியாரத்துக்கு இவ்வளவா என்று நான் உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டது வேறு கதை.

சில நாட்களில் எங்கள் கேட்டில் ஒரு பளபளப்புத் தாள் செருகியிருந்தது. லிம்மின் கடையில் கைத்தொலைபேசி வாங்கினால் மேலதிகப் பற்றரி இலவசம். கீழே கொழுத்த சிவப்பு எழுத்தில், அழையுங்கள் என்று எங்கள் வீட்டு இலக்கம். மூன்று எட்டையும் நெருப்பு எரிகிற மாதிரி வரைந்திருந்தார்கள். என் வீட்டு இலக்கத்தை அச்சடித்து என் வீட்டுக் கேட்டிலேயே செருகியிருக்கிறார்களே! நான் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே உள்ளே மணி அடித்தது.

அன்றிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. ஒரு மலாய்ப் பெண் என்னென்ன நிறம் இருக்கிறது என்று கேட்டாள். ஹொக்கியன் சீனம் மட்டும் தெரிந்த ஒரு கிழவர், நான் சொல்வது புரியாமல் என்னையே ஏசினார். அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து ஒரு தமிழர், "இடுப்புல மாட்டுனா கால்சட்டை எறங்கிருமா தங்கச்சி?" என்று மிகவும் கவலையாக விசாரித்தார். வேறு நேரமென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். கணவர் கடைக்குப் போனார். லிம் அங்கே இல்லை, சிம்பாங் அம்பாட் பக்கம் புதுக் குடியிருப்பொன்றில் கூடாரம் போட்டு விற்கப் போயிருந்தார். கடையில் இருந்த பெண், முதலாளி வரட்டும் என்றாளாம். வந்தாலும் என்ன? தீவிலும் அக்கரையிலும் பறக்கவிட்ட தாளை யாரால் பொறுக்க முடியும்?

அடுத்த வீட்டுப் பாக்கியம் அக்கா மதில் மேலால் எட்டிப் பார்த்தார். "என்னா தங்கச்சி, காலையில இருந்து அடிச்சிக்கிட்டே இருக்கு? கழட்டி வச்சிரு லா."

"கழட்டி வச்சால் குகன் எடுக்கேக்கை எங்கேஜ் எண்டுதானே அக்கா வரும்?"

"இப்ப மட்டும் என்னா வருது? அதே எங்கேஜ்தானே?"

அதுதான் உண்மை. ஒருத்தருக்கு இல்லை என்று சொல்லி வைப்பதற்குள் அடுத்தவர். இந்த நெரிசலுக்குள் என் தம்பி எப்படி நுழைவான்? எடுக்கவும் பயம், எடுக்காமல் விடவும் பயம். என் வாழ்க்கையில் ஒரு பொருளை அவ்வளவு வெறுத்ததில்லை.

ஒரு நாள் முற்பகல், ஆத்திரத்தோடு எடுத்து "கடை இல்லை!" என்று கத்தினேன். மறுமுனையில் கனடாவிலிருந்து என் சித்தி மகள் மலர்.

"எடியே, என்ன கடை? அடிச்சு அடிச்சு எனக்கு விரல் தேஞ்சு போச்சு. குகன் கொழும்புக்கு வந்திட்டான். வெள்ளவத்தையில லொட்ஜில நிக்கிறான், அங்க கண்ட எங்கட ஊராள் ஒருத்தர்தான் எனக்கு எடுத்துச் சொன்னவர். உனக்கு நாலைஞ்சு நாளா எடுக்கிறானாம், உன்ர லைன் எந்த நேரமும் எங்கேஜாம். இண்டைக்கு மத்தியானம் வெளிநாட்டுக்கு அனுப்புற ஏஜென்சிக்காரன் வந்து கூட்டிக்கொண்டு போறான். எந்த நாடு எண்டு அவனுக்கே தெரியாது. உடன எடு!"

லொட்ஜின் இலக்கத்தை எழுதிக்கொண்டு, நிலத்தில் குந்தியிருந்து ஒரு பாட்டம் அழுதேன். உயிரோடு இருக்கிறான். ஆனால் எங்கள் வீட்டுத் தொலைபேசியில் வெளிநாட்டுக்கு எடுக்க முடியாது, அந்த வசதியை நாங்கள் பெறவில்லை. தொலைபேசி நிலையத்துக்குப் பஸ் பிடித்துப் போய் வரிசையில் நிற்பதற்குள் மத்தியானமாகிவிடும். காணாமல் இருந்தவன் கிடைத்து, கிடைத்த நாளிலேயே கைநழுவிப் போகப் போகிறான்.

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினேன். வாசலில் லிம்மின் வான் வந்து நின்றது. கையில் ஒரு புதுப் பெட்டி, வாய் நிறையச் சிரிப்பு. "ஆண்ட்டி! சேல் வெரி குட்! இது உங்க ஹேண்ட்போன்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. "உன்ர எட்டும் நீயும் நாசமாப் போக! ஆரைக் கேட்டு என்ர நம்பரை அடிச்சனி? என்ர தம்பியெல்லோ போகப்போறான்!" என்று சுத்த யாழ்ப்பாணத் தமிழில் திட்டித் தீர்த்தேன். லிம் ஒரு சொல்லும் விளங்காமல் பெட்டியைத் திருப்பிப் பார்த்து, "கலர் பிடிக்கலையா ஆண்ட்டி?" என்றார். சத்தம் கேட்டு ஓடிவந்த பாக்கியம் அக்காதான் எல்லாவற்றையும் மலாயில் எடுத்துச் சொன்னார். சண்டை நடக்கும் நாடு, ஊரை விட்டுப் போன தம்பி, அவனுக்குத் தெரிந்த ஒரே இலக்கம்.

லிம்மின் சிரிப்பு போய்விட்டது. "பட் ஆண்ட்டி, நீங்க டப்பா நிறைய கேக் போட்டுக் குடுத்தீங்க. நான் அம்மாகிட்ட காட்டினேன். அம்மா சொன்னாங்க, ஓகே ஆயிருச்சு, அவங்க சம்மதம்னு. பாரம் பிறகு நிரப்பலாம்னு தாளை முதல்ல அடிச்சிட்டேன்."

அட கடவுளே, அந்தப் பணியாரம்! நான் மரியாதைக்குச் செய்தது அங்கே கையெழுத்தாகிவிட்டது. பெட்டியைத் திறந்து புதுக் கைத்தொலைபேசியை எடுத்தேன். பற்றரியில் உயிர் இல்லை. லிம் தன் இடுப்பிலிருந்ததைக் கழற்றினார். "இது எடுங்க. கோல் நௌ. உள்ள லைன் கிடைக்காது, இங்கயே பேசுங்க."

வாசல் அஞ்சடித் தாழ்வாரத்தில், செருப்புகளுக்கும் பூச்சட்டிகளுக்கும் நடுவே நின்று அந்தச் செங்கல்லைக் காதில் வைத்தேன். யாரோ எடுத்தார்கள், யாரையோ கூப்பிட்டார்கள், படிகளில் ஆள் இறங்கும் சத்தம் கேட்டது.

"அக்கா?"

"எடேய், உயிரோட இருக்கிறியோடா?"

"இருக்கிறபடியாத்தானே கதைக்கிறன்."

குரல் உடைந்து தடித்திருந்தது, ஆனால் அவன்தான். நான் அழுதுகொண்டே எட்டு, லிம், பணியாரம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பார்த்தேன். எனக்கே விளங்காத கதை அவனுக்கு எப்படி விளங்கும்?

"விடுங்கோ அக்கா. எங்கேஜ் எண்டு வந்தது எனக்குச் சந்தோசம். காசு கொடுக்கத் தேவையில்லைதானே, அந்தச் சத்தத்தையே கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நிப்பன். அக்கா வீட்டில எந்த நேரமும் ஆரோ கதைச்சுக்கொண்டிருக்கினம், அங்க எல்லாரும் நல்லா இருக்கினம் எண்டு நினைச்சன்."

அந்த நேரம் பார்த்து உள்ளே வீட்டுத் தொலைபேசி அடித்தது.

"அக்கா, போன் அடிக்குது. ஆரும் அவசரமா எடுக்கினமோ தெரியாது. நான் வைக்கட்டே?"

"வையாதை!"

பாக்கியம் அக்கா உள்ளே ஓடினார். மலராக இருக்கும் என்று நினைத்து, வயர் எட்டுகிற மட்டும் இழுத்துக்கொண்டு வந்து, வாசற்படியில் நின்றபடி ரிசீவரை என் இடது காதில் வைத்தார். ஒரு மலாய்ப் பெண், கடை எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும் என்று கேட்டாள். வலது காதில் குகன், "அக்கா, ஆள் வந்திட்டான், கீழ வான் நிக்குது" என்றான்.

நான் இரண்டு பேரையும் நிறுத்தி வைக்கப் பார்த்தேன். நாக்கு தடுமாறிவிட்டது. தம்பியிடம் மலாயில், "துங்கு, துங்கு செக்கெஜாப்", கொஞ்சம் பொறுங்கள், என்றேன். முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம், "வையாதை ராசா, அக்கா இஞ்சதான் நிக்கிறன்" என்று அழுதேன்.

அவள் வைக்கவில்லை.