அப்பாவின் காலில் போட்ட குழி

சிதம்பரத்து டாக்டர் என் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். குழி மூடாமல் அப்படியே நின்றது. அந்தக் குழியை எனக்குத் தெரியும்.

என் சின்ன வயதில் தேவனாம்பட்டினத்தில், கடலுக்குப் போய்வந்த அப்பா வீங்கிய காலை நீட்டி உட்காருவார். நானும் தம்பியும் ஆளுக்கொரு காலில் விரலை அழுத்தி, யார் போட்ட குழி முதலில் மூடுகிறது என்று பார்ப்போம்.

"நல்லா அமுக்குங்க, சொகமா இருக்கு" என்பார் அப்பா.

"உப்புத் தண்ணியில நின்னு நின்னு காலு ஊறிப்போச்சு" என்பாள் அம்மா.

அடுத்த மழைக்காலத்தில் மூச்சு வாங்கி வாங்கியே அப்பா போய்விட்டார்.

"உங்க வீட்டுல யாருக்காவது இந்த மாதிரி இருந்துச்சாம்மா?" என்று டாக்டர் கேட்டார். கட்டிலை ஒட்டி நின்ற என் சின்ன மகள் குழிக்குள் விரலை வைத்துப் பார்த்தாள்.

"அம்மா, நான் ஒண்ணு போடட்டுமா?"