இரண்டு பக்கமும் பொறி

நேற்று பெட்டிக்கடை வாசலில் யாரோ சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை உருவிப் போட்டுவிட்டுப் போனார். என்னை அறியாமல் குனிந்து எடுத்து முகர்ந்துவிட்டேன். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். எனக்குப் புகைக்கும் பழக்கமே இல்லை என்று சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. எப்போதுமே அப்படித்தான்.

அந்த வாசனை பஷீர் பாயுடையது. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் ஷார்ஜா தொழில்பேட்டைப் பட்டறை ஒன்றில் மூன்று பேர் இருந்தோம். பெஷாவர்க்காரர் பாய், புதுக்கோட்டை முருகேசன் அண்ணன், பாகங்களை டீசலில் கழுவும் நான். மதியம் மூவருக்கும் ஒரே பெரிய வட்டத் தட்டு. பாயின் ரொட்டி, அண்ணனின் புளிக்குழம்பு. தொழிலாளர் கேம்ப் அறையில் என்னுடன் இருந்தவர்களின் பாஷை எனக்குத் தெரியாது. ஆகவே, மனிதர்களோடு இருந்தேன் என்றால் அந்தத் தட்டைச் சுற்றித்தான். பேசமாட்டேன், மென்றுகொண்டே கேட்பேன்.

பழைய சாமான் சேர்க்கும் அரபி ஒருவர், முதல் உலகப்போர் விமானத்தின் இன்ஜினைக் கொண்டுவந்து இறக்கினார். பறக்க வேண்டாம், விருந்தாளிகள் முன்னால் ஓடினால் போதும் என்றார். அதில் பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி கொடுக்கும் அமைப்பு மட்டும் இல்லை. சுழலச் சுழலத் தானே மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோ வைப்பதா, பேட்டரியும் இக்னிஷன் காயிலும் வைப்பதா? அந்தக் காலத்திலேயே இதற்கு அடித்துக்கொண்டார்களாம்.

"கையால சுத்துற வேகத்துக்கு மேக்னெட்டோ மொனகும், பொறி வராது பாய்."

"பேட்டரி தீந்தா இன்ஜினும் கதம். ஆகாசத்துல யாரு சார்ஜ் பண்றது முருகேசா, உன் மாமனாரா?" அண்ணனிடம் கற்ற தமிழை பாய் அண்ணனிடமே காட்டினார்.

மாமனாரை இழுத்தது அண்ணனுக்குப் பொறுக்கவில்லை, அவரும் பதிலுக்கு ஏதோ சொல்லிவிட்டார். மறுநாள் பாய் ரொட்டியோடு வாசலுக்குப் போய்விட்டார். அண்ணன் குழம்போடு பின்கட்டுக்கு. தட்டு அலமாரி மேல் சும்மா கிடந்தது. யாரோடு உட்கார்ந்தாலும் மற்றவருக்கு வருத்தம். கழுவும் தொட்டியோரம் நின்று வெறும் குப்பூஸ் ரொட்டியைத் தின்றேன். ஒரு வாரம் இப்படியே போனது.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிளக் துளை இரண்டு இருப்பது கழுவுகிற எவனுக்கும் தெரியும். "ஒரு பக்கம் அது, ஒரு பக்கம் இது வச்சா என்ன?" என்றேன். இன்ஜினுக்காகச் சொல்லவில்லை, தட்டுக்காகச் சொன்னேன்.

"ரெண்டு பொண்டாட்டி கதையாயிரும்டா" என்று அண்ணன் சிரித்தார்.

"அரே, இவனுக்கு வாய் இருக்கு" என்றார் பாய்.

இரண்டு பொறியும் ஒரே நொடியில் விழவேண்டும். பாய் தன் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளின் பின்னால் ஒட்டிய மெல்லிய காகிதத்தை உரித்துக் கிழித்து, பாதியை அண்ணனிடம் நீட்டினார். மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட் முனைகளுக்குள் ஆளுக்கொரு பக்கம் செருகிப் பிடித்துக்கொண்டார்கள். பாயிண்ட் திறந்தால் தாள் கையோடு வரும். அதுதான் பொறி விழும் நேரம். நான் இன்ஜினை மெல்லச் சுற்றினேன்.

"வந்துருச்சு பாய்."

"எனக்கு இன்னும் இல்ல. உன் பக்கத்தக் கொஞ்சம் திருப்பு முருகேசா."

திருப்பினார். சுற்றினேன். கடைசியில் இரண்டு குரலும் சேர்ந்தே வந்தன: "வந்துருச்சு."

அன்று மதியம் தட்டு கீழே இறங்கியது.

இன்ஜின் நன்றாகவே ஓடியது, அரபி கொண்டுபோய்விட்டார். பிறகு பட்டறை கைமாறியது. அண்ணன் சவுதியில் தம்மாமுக்குப் போனார், பாய் விசா முடித்து ஊருக்கு. இருவரிடமும் போன் நம்பர் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. இப்போது அந்த இடத்தில் ஏதோ கிடங்கு என்கிறார்கள். வண்டிகளில் பாயிண்டும் இல்லை.

தட்டு என்னிடம் வந்தது. மிச்ச வருடங்கள் அதில்தான் சாப்பிட்டேன், என் பக்கத்தில் மட்டும். வட்டத் தட்டுக்கு ஏது பக்கம் என்று கேட்பீர்கள். இருந்தது. சாப்பிட்டு முடித்த பிறகும் எனக்கு எதிரே தட்டு ஈரம்கூடப் படாமல் இருக்கும்.