சமையலறை வரைக்கும் வந்த லைன்

வைஃபை போட வந்த ஆள் வெள்ளிக்கிழமை பார்த்து வந்தான், அதுவும் பத்தரை மணிக்கு மேல். வாரத்தில் அவனுக்கு வேறு பொழுதே கிடைக்கவில்லை போலிருக்கிறது. வாசலில் வேனை நிறுத்தி ஏணியை இறக்கிக்கொண்டிருந்தான். முன்னறைக் கட்டிலில் கிடந்த என் வீட்டுக்காரர் இடது கையை ஆட்டி என்னைக் கூப்பிட்டார்.

"ரா...கு. இப்ப... வேணாம்."

பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் வாயில் வந்ததெல்லாம் தண்ணி, வலி, போ, இவ்வளவுதான். துறைமுகத்துக்கு லோரி ஓட்டிய மனுஷன். லோரியில் ஏறும்போது விழுந்தார், விழுந்தது ராகு காலத்தில். அதற்கப்புறம் முடி வெட்டிக்கொள்ளக்கூட நாள்காட்டியைக் கை காட்டுகிறார். எனக்கு இதிலெல்லாம் அரைகுறை நம்பிக்கைதான். ஆனால் அத்தனை மாதத்தில் அவர் இது வேண்டும், இது வேண்டாம் என்று வாய்திறந்து சொன்னது அன்றைக்குத்தான். அதை எப்படித் தட்டுவது?

வாசலுக்குப் போய், பன்னிரண்டு மணிக்கு மேல் போடலாமா என்று மலாயில் கேட்டேன். அவன் கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டுக்கு மேல் அவனுக்கு ஜும்மா தொழுகை. எங்கள் கெட்ட நேரம் முடிகிற இடத்தில் அவனுடைய நல்ல நேரம் ஆரம்பிக்கிறது, நான் என்ன செய்ய? பாவம், கோபித்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டிலும் லைன் கேட்டிருக்கிறார்கள், அதை முடித்துவிட்டு, தொழுதுவிட்டு வருகிறேன் என்றான். சொன்ன மாதிரியே வந்தான். தெருமுனைத் தூணில் ஏறிப் பெட்டியைத் திறந்து பார்த்தான், இறங்கி வந்தான்.

"போர்ட் பெனு, காக்."

பெட்டி நிறைந்துவிட்டது அக்கா என்கிறான். எங்கள் தெருவுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு இணைப்புதான். யார் வீட்டில் முதலில் வேலை முடிகிறதோ அவர்களுக்கு. அது பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. இனிமேல் கம்பெனி புதுப் பெட்டி வைத்தால்தான் உண்டு. எப்போது வைப்பார்கள் என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினான்.

இந்த லைனுக்கு ஏன் இப்படி அலைந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஓர் ஆபீஸில் வாடிக்கையாளர்களின் போனுக்குப் பதில் சொல்வது என் வேலை. இவர் விழுந்ததும் இருந்த லீவையெல்லாம் போட்டுத் தீர்த்தேன், அப்புறம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சம்மதித்தார்கள். ஒரே நிபந்தனை, வீட்டில் அறுந்து போகாத லைன் இருக்க வேண்டும். போனிலிருந்து எடுக்கிற இணைப்பை ஆபீஸ் கம்ப்யூட்டர் ஏற்காது. மகள் செமினியில் காலேஜ் படிக்கிறாள், காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். ஆள் வைத்துப் பார்க்க வசதியில்லை. என் சம்பளத்தில்தான் உலை கொதிக்கிறது. லைன் இருந்தால் நான் அவர் பக்கத்தில் இருப்பேன். இல்லையென்றால் அவர் நாள் முழுக்கத் தனியாகக் கிடப்பார். அவ்வளவுதான் விஷயம்.

அன்று சாயங்காலம் நான் வாயை அடக்கவில்லை. "ஒங்க ராகுவும் கேதுவும் நல்லா இருக்கட்டும்! அவங்க வந்து ஒங்களுக்குக் கஞ்சி ஊத்துவாங்களா?" என்று கத்தினேன். அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எங்கள் கிள்ளான் வரிசை வீடுகளில் ஒரு வீட்டுச் சண்டையை அடுத்த வீடு கேட்காமல் இருக்க முடியாது. பக்கத்து வீட்டு அக்கா ஒரு தட்டு வடையோடு வந்தார். தனி ஆள், பென்ஷன்காரர்.

"நான் சீரியல் பாக்கத்தான் லைன் போட்டேன். ஒத்த ஆளுக்கு எவ்ளோ வேணும்? பாஸ்வேர்ட் தரேன், எடுத்துக்கோ லா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வடையைத் தின்றுகொண்டே அழுதேன்.

அக்கா டிவி பார்ப்பது பின்னறையில். வைஃபை பெட்டியும் அங்கேதான். அந்த அறைக்கும் எங்கள் சமையலறைக்கும் நடுவே ஒரே ஒரு செங்கல் சுவர். சிக்னலை வாங்கி நீட்டிவிடுகிற ஒரு சின்னப் பெட்டியை மகள் லிட்டில் இந்தியா பக்கத்துக் கம்ப்யூட்டர் கடையில் வாங்கி வந்தாள். வீட்டில் மூன்று கம்ப்யூட்டர். என் ஆபீஸ் லேப்டாப், அவளுடையது, இவர் பழைய படம் பார்க்க வைத்திருந்த ஓட்டை லேப்டாப். மூன்றையும் இணைத்துவிட்டு, ஒன்றைக் கையில் ஏந்தி வீடு முழுக்கச் சுற்றி வந்தாள். சமையலறையில் லைன் பிரமாதம். கூடத்தில் பாதி. இவர் படுத்திருக்கும் முன்னறையில் சுத்தமாக இல்லை. சின்னப் பெட்டியைக் கூடத்துக்கு மாற்றினோம், படிக்குக் கீழே வைத்தோம், அலமாரி உச்சியில் வைத்தோம். முன்னறையில் கோடுகள் முழுசாகக் காட்டியது, ஆனால் ஒரு வெப்சைட்கூடத் திறக்கவில்லை. பந்தியில் பெரிய இலையாகப் போட்டுவிட்டு ஒரு கரண்டி சோறு வைத்த கதை.

சரி, நான் சமையலறைக்குக் குடிபோனேன். அடுப்புக்குப் பக்கத்தில் மேசை, காதில் ஹெட்செட். குக்கர் விசில் அடித்தால், "மேடம், நீங்க ரயில்வே ஸ்டேஷன்லயா இருக்கீங்க?" என்று கேட்பார்கள். இவர் இடது கையால் மணியை அடித்தால் முன்னறைக்கு ஓடுவேன். உடம்பு ஒடிந்துபோனது, ஆனாலும் அவர் பக்கத்தில் இருந்தேன்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. கிள்ளானில் மத்தியான மழை சும்மா வராது, இடியோடுதான் வரும். முதல் இடிக்கே அக்கா வீட்டில் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவார். பேச்சு நடுவில் என் வாடிக்கையாளர் மறைந்துபோவார். ஒருநாள் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன்.

"அக்கா, இடி எங்கியோ காப்பார் பக்கம்தானே இடிக்குது?"

"ஒனக்குத் தெரியாது. போன டிவி இப்படித்தான் கருகிப் போச்சு. போனா யாரு வாங்கித் தருவா, சொல்லு."

யார் வாங்கித் தருவார்? நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்க முடியுமா?

மழை நிற்கவில்லை. ஆபீஸில் எனக்கு மேலே இருக்கும் பெண் என்னைவிட வயதில் சின்னவள், நல்லவள். அவளே போன் போட்டாள். "அக்கா, நான் எவ்ளோ பேசிப் பாத்துட்டேன். திங்கக்கிழமைலேந்து ஆபீஸுக்கு வந்துருங்க. வேற வழியில்ல லா."

மகள்தான் யோசனை சொன்னாள். அந்த ஓட்டை லேப்டாப்பில் கேமரா இருக்கிறது. அப்பா எதிரே திறந்து வைத்தால், நான் ஆபீஸிலிருந்து போனில் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் லைன் சமையலறையில் மட்டும்தானே வேலை செய்கிறது? அதனால் அவர் கட்டிலைச் சமையலறைக்குத் தள்ளினோம். கேஸ் சிலிண்டரை வெளியே எடுத்து வைத்தோம். ஒரு பக்கம் ஃபிரிட்ஜ், ஒரு பக்கம் பாத்திரம் கழுவும் தொட்டி, நடுவே அவர்.

"அப்பா, அம்மா ஆபீஸ்லேந்து ஒங்களப் பாத்துக்கிட்டே இருப்பாங்க," என்றாள் மகள். அவளுக்குச் சந்தோஷம். எனக்கும்தான். பெருமூச்சே விட்டேன். அவர் எங்களைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை ரயிலில் நின்றபடியே போனில் அவரைப் பார்த்துக்கொண்டு போனேன். தூங்கிக்கொண்டிருந்தார். கைக்கு எட்டும் தூரத்தில் ஸ்டூல் மேல் லேப்டாப், தண்ணீர், சிறுநீர் போத்தல். மத்தியானம் எட்டிப் பார்ப்பதாக அக்கா சொல்லியிருந்தார். ஆபீஸில் போனை மேசைமேல் சாய்த்து வைத்துக்கொண்டேன்.

முற்பகலில் ஒரு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தேன். படத்தில் அவர் போத்தலுக்குக் கை நீட்டினார். அது நழுவி உருண்டது. எட்டி எட்டிப் பிடிக்கப் பார்த்தார், கிடைக்கவில்லை. கைலி நனைந்தது. நனைந்து பரவியதை நான் பார்த்தேன். அவர் ஒரு கையால் கைலியை இழுத்து இழுத்து மூடப் பார்த்தார். என் வாய் அதுபாட்டுக்கு, தயவுசெய்து லைனில் இருங்கள் என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது. அப்போது அவர் தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை. இடது கை மெல்ல மெல்ல முன்னால் வந்தது, விரல்கள் பெரிதாகத் தெரிந்தன, படம் இருண்டுவிட்டது.

அக்காவுக்குப் போன் போட்டேன். பாசாரில் மீன் வாங்கிவிட்டு வந்துகொண்டிருக்கிறேன், போய்ப் பார்க்கிறேன் என்றார். போனவர் அப்புறம் கூப்பிட்டுச் சொன்னார். "போர்வைய இழுத்துப் புடிச்சுக்கிட்டுக் கெடக்குறாரு. கிட்ட விடமாட்டேங்குறாரு."

சாயங்காலம் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தேன். லேப்டாப் மூடிக் கிடந்தது. போர்வையை விலக்கினேன். அதே கைலி, பாதி உடம்புச் சூட்டில் காய்ந்திருந்தது. வெந்நீர் வைத்துத் துடைத்துவிட்டு, வேறு கைலி கட்டிவிட்டேன். நாளைக்கு வேண்டுமே என்று லேப்டாப்பைத் திறக்கப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த ஒரு கையில் இன்னும் லோரிக்காரன் பிடி இருந்தது.

"பாக்காத," என்றார். திக்காமல் சொன்னார்.

மறுநாள் லேப்டாப் மூடியைத் திறக்காமலே வேலைக்குப் போனேன்.