ஊமைக் குழிகள்

அந்த ஆய்வுக்கூடத்தில் மருந்து சேர்க்காத குழிகளுக்கு ஊமைக் குழிகள் என்று பெயர். உள்ளங்கை அளவுத் தட்டில் தொண்ணூற்றாறு குழிகள்; ஒவ்வொன்றிலும் உயிருள்ள செல்கள். ஸ்டீராய்டு போன்ற மருந்து உள்ளே போனால் செல்லில் இருக்கும் ஏற்பி அதைப் பற்றிக்கொண்டு உட்கருவுக்குள் நுழையும். உறங்கும் மரபணுக்களை எழுப்பிவிடும். மின்மினியின் மரபணு ஒன்றையும் அங்கே செருகியிருப்பதால் செல் ஒளிரும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியைக் கருவி எண்ணிச் சொல்லும். புது மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் முதல் சாட்சி. ஊமைகள் வாய் திறக்காதவரைதான் மற்றக் குழிகளின் பேச்சுக்கு மதிப்பு.

பதினொரு வருடமாகத் தட்டு நிரப்புபவளை எல்லோரும் தட்டக்கா என்பார்கள். கைக்குழந்தையோடு தங்கை அவள் வீட்டுக்கு வந்து தங்கிய பிறகு ஊமைக் குழிகள் ஒளிரத் தொடங்கின. ஒரு நாள் இரண்டு, ஒரு நாள் ஐந்து. திரவத்தை மாற்றினாள், செல்களை மாற்றினாள். பயனில்லை. அவள் இரண்டு நாள் விடுப்பு எடுத்தபோது தட்டிலிருந்த எட்டு ஊமைகளும் அடங்கிக் கிடந்தன.

"பேயோட்டணும்தான். செல்லுக்கா உங்களுக்கான்னுதான் தெரியல அக்கா," என்றார் கருவியைப் பார்த்துக்கொள்பவர்.

அவள் தன் கைகளையே கவனித்தாள். உறிஞ்சுகுழாயின் முனை சரியாக உட்காராவிட்டால் விரலால் ஓர் அழுத்து அழுத்துவது அவள் பழக்கம். விரல் பட்ட முனை எந்தக் குழிக்குள் போனதோ அது ஒளிர்ந்தது. கையுறைதான் போட்டிருந்தாள், ஆனால் அதை மாட்டியது வெறும் விரல்கள். அந்த விரல்களைக் கழுவிய நீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். எண் எகிறியது.

குழந்தையின் அரிப்புக்குக் காலையும் மாலையும் அவள்தான் களிம்பு பூசுவாள். கடையில் வாங்கிய டப்பா. மூலிகை மட்டும் என்று எழுதியிருந்தது. மூன்றே நாளில் அரிப்பு போயிற்று; விட்டால் திரும்பும் என்று நிறுத்தாமல் பூசிவந்தாள். பத்து வாரத்தில் குழந்தையின் முகம் வட்டமாகிவிட்டது. பார்த்தவர்கள் கன்னத்தைக் கிள்ளினார்கள். சட்டை அகலத்தில் பிடித்தது. நீளத்தில் அப்படியே இருந்தது.

மறுநாள் களிம்பில் ஒரு துளி கொண்டுபோனாள். பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் கரைத்தும் குழிகள் ஒளிர்ந்தன. செல்லுக்குக் கண் கிடையாது, சந்தேகம் கிடையாது. வந்ததற்குப் பதில் சொல்லும், அவ்வளவுதான். குழந்தையின் உடம்பிலும் அதே ஏற்பிதான். அங்கே மின்மினி இல்லை. பத்து வாரமாக அந்தப் பதில் இருட்டிலேயே நடந்துகொண்டிருந்திருக்கிறது.

களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது, முகம் உப்பியதும் வளர்த்தி நின்றதும் அதனால்தான் என்று மதியமே வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். தங்கை முதலில் நம்பவில்லை.

"கொழுகொழுன்னு ஆயிட்டான்னு நீதானக்கா சொன்ன."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

தங்கை டப்பாவைக் குப்பையில் வீசினாள். அக்கா குனிந்து அதை எடுத்தாள்.

"சட்டுனு நிறுத்தக் கூடாதுடி. வெளியிலேர்ந்து வருதுன்னு புள்ள உடம்பு தானா சுரக்கிறத விட்டிருக்கும். இப்ப இதையும் எடுத்துட்டா உசுருக்கே ஆபத்து."

தொலைபேசியில் குழந்தை மருத்துவரும் அதையே சொன்னார். காலையில் ரத்தம் எடுக்கலாம், பிறகு சிறுகச் சிறுகக் குறைக்கலாம். அதுவரை வழக்கம்போலப் பூசுங்கள்.

தங்கை சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அக்கா குழந்தையை மடியில் கிடத்தி மூடியைத் திறந்தாள். விரலைக் கண்டதுமே குழந்தை கன்னத்தை நீட்டிக்கொண்டு சிரித்தது. பூசியது பூசிய இடத்தில் நிற்கவில்லை. தோல் அதை உடனே குடித்துவிட்டது.