நான் தள்ளிப்போட்ட பயிற்சி

நான் ஹெலிகாப்டர் ஓட்டுபவன். அறைக்குள் உட்கார்ந்து திரையைப் பார்த்து ஓட்டிப் பழகும் சிமுலேட்டர் பயிற்சிக்கு அழைத்தபோதெல்லாம், "இத்தனை வருஷம் பறந்தவனுக்கு வீடியோ கேம் எதற்கு?" என்று சிரித்துத் தள்ளிப்போட்டேன்.

ஒரு மழைக்காலத்தில் எண்ணூர் கடலில் இன்ஜின் நின்றுபோன ஃபைபர் படகிலிருந்து நான்கு மீனவர்களை மீட்கப் போனோம். மூவரைத் தூக்கிவிட்டோம். நான்காமவர் தேசப்பன் மட்டும் பாக்கி. அலையையே பார்த்துக்கொண்டிருந்த நான், உயரம் காட்டும் கருவியைக் கவனிக்கவில்லை.

"சார், ரொம்ப இறங்கிட்டோம்!" என்று துணை விமானி கத்துவதற்குள் எங்கள் ஹெலிகாப்டர் விசிறி கிளப்பிய காற்றே படகைக் கவிழ்த்தது. தேசப்பனை உயிரோடு மீட்டோம். தோள் நொறுங்கியிருந்தது.

எல்லோரும் அலையைத்தான் குறை சொன்னார்கள். தாங்கமுடியாமல் காசிமேட்டில் தேசப்பன் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் மனைவிதான் கேட்டார்: "இத்தெல்லாம் முன்னாடியே பழகிக்க எடம் எதுனா கீதா சார்?"

"இருக்கும்மா. நான்தான் போகல."

அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த வாரமே பயிற்சிக்குப் போனேன். அங்கும் அதே தவறைச் செய்தேன். பயிற்சியாளர் ஒரு பொத்தானை அழுத்தித் திரையில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கி, "பரவாயில்ல, மறுபடியும் பண்ணுங்க" என்றார். கண்ணில் நீர் முட்டி, திரை எனக்குத் தெரியவில்லை.