மூடியில் எழுதாத அக்கா

காலித் தட்டைக் கவிழ்த்து, அதன் அடிப்பக்கத்தில் தேதியும் எண்ணும் எழுதுகிறார் அக்கா. பிறகு அடுத்த தட்டு. மூடியில் எழுதினால் சுலபம், ஆனால் எழுத மாட்டார். "மூடி ஒரு ஊர்சுத்தி, தம்பி. இன்னைக்கு இங்க இருக்கும், நாளைக்குப் பக்கத்து வீட்டுல இருக்கும்."

அந்தத் தட்டுகளில் சிறுநீரகச் செல்களை வளர்க்கும் ஆய்வுக்கூடம் அது. நான் அங்கே குளிர்பெட்டி பழுது பார்க்கப் போகிறவன். அறிவியலுக்கும் எனக்கும் வெகுதூரம். தெரிந்ததெல்லாம் அக்கா சொல்லிக் கொடுத்ததுதான். பதினெட்டு வருடமாக ஒருநாள் விட்டு ஒருநாள் செல்களுக்குச் சத்துநீர் மாற்றுகிறார், ஞாயிறானாலும் வந்துவிடுவார். "புள்ளைங்களுக்குச் சோறு வச்சிட்டேன்" என்பார். வீட்டில் நிஜமாகவே இரண்டு பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குச் சோறு வைப்பது பஸ் ஓட்டும் அவர் வீட்டுக்காரர்.

வளர்ச்சிக் காரணி என்று ஒரு புரதம். அதைத் துளி விட்டால், கூழாங்கல் பரப்பியதுபோல் இருந்த செல்கள் நீண்டு மெலிந்து நார் விட ஆரம்பிக்கும். சிறுநீரகத்தில் தழும்பு விழுவதும் இப்படித்தானாம். "காயத்தை அடைக்க வந்த கொத்தனாரு அது. வேலை முடிஞ்சும் கிளம்பாம சுவத்து மேல சுவரு எழுப்பிக்கிட்டே இருந்தா, வீட்டுக்காரங்க எங்க இருக்கிறது?"

போன மாதம் அந்தக் காரணியை அடக்கும் புது மருந்துக்குச் சோதனை. பன்னிரண்டு தட்டிலும் காரணி, ஆறில் மட்டும் மருந்து. அக்கா விடுப்பில் இருந்த நாளில் ஆராய்ச்சியாளர் ஒருவர் மூடியில் எழுதித் தொலைத்திருக்கிறார். அக்கா திரும்பி வந்த பிறகு அந்த ஆராய்ச்சியாளர், நாரைக் காட்டும் சாயம் ஏற்ற மூடிகளைக் கழற்றினார், திரும்ப மூடும்போது கலந்துவிட்டார். இதை அக்கா கண்ணால் பார்த்தார். முடிவோ பிரமாதம்: 'மருந்து' என்றிருந்த ஆறில் ஐந்தில் தழும்பே இல்லை. துறைத்தலைவர் கட்டுரையை அனுப்பியே விட்டார்.

இன்று காலை நான் பெட்டிக் கதவின் ரப்பரை மாற்றிக்கொண்டிருந்தேன். தட்டுகள் சரியாகக் குறிக்கப்பட்டன என்றொரு தாளோடு தலைவர் வந்தார்.

"ஒரே ஒரு கையெழுத்துதாம்மா."

"மூடி மாறிடுச்சு சார். எது எந்தத் தட்டுன்னு ஆண்டவனுக்கே தெரியாது."

"உங்க வேலையை நீட்டிக்கிற காகிதமும் என் மேஜையிலதான் இருக்கு."

"இருக்கட்டும். நாளைக்கு சிறுநீரகம் கெட்ட ஒருத்தன் இதை நம்பி மருந்தை முழுங்குவான். அவன்கிட்ட போய் இந்த மூடிக் கதையைச் சொல்வீங்களா? ஒன்பது நாள் குடுங்க, முதல்லேர்ந்து நானே பண்றேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் ரப்பரைத்தான் தடவிக்கொண்டிருந்தேன். என் வீரம் அவ்வளவுதான்.

தலைவர் பேனாவை அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினார். அக்கா அதை வாங்காமல், மேஜை மேலிருந்த அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு கையுறையை உருவி, வலது கையில் விரல் விரலாக இழுத்து மாட்டினார். அப்புறம் நிதானமாக இன்னொன்றை இடது கையில்.